இவன் அவன் அல்லன்

குவைஃபாத் எல்லைச் சாவடி. இரவு இரண்டு பத்து.
ஒரே அறை, இரண்டு நாட்டு மேசைகள்.
இந்தப் பக்கம் ஹுமைதின் கரக் டீ,
அந்தப் பக்கம் துர்க்கியின் ஏலக்காய்க் கஹ்வா.
நடுவில் நான்,
பெயர்களைத் தட்டச்சு செய்கிறவன்,
இரண்டையும் குடித்து வயிறு கெட்டவன்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பட்டியல் வரும்.
எங்கோ ஒரு சந்தையில் குண்டு வைத்தவன்,
வைக்கக் கற்றுக்கொண்டு திரும்புகிறவன்,
அவனுக்குக் கடவுச்சீட்டு செய்து கொடுத்தவன்.
முன்பெல்லாம் ஒரு நாடு விரட்டினால்
அடுத்த நாட்டில் போய்ச் சட்டை மாற்றிக்கொள்வான்.
இப்போது அவன் வந்து சேரும் முன்னே
அவன் பெயர் வந்து உட்கார்ந்திருக்கிறது.
இதில் எனக்கு மறுப்பில்லை.
சந்தைக்குப் போகிறவர்களில் நானும் ஒருவன்.

வெளியே லாரி வரிசை மூன்று கிலோமீட்டர்.
பதான் ஓட்டுநர்கள் மணலில் அடுப்பு மூட்டி
ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.
அந்த வரிசையிலிருந்து ஒரு முட்டை லாரி,
குளிர்பெட்டி இரைச்சலோடு வந்து நின்றது.
ஓட்டுநர் கா. அசனலி, தேவிபட்டினம்.
திரை சிவந்தது.
எண்பத்து மூன்று விழுக்காடு.

தமிழில் நாலே எழுத்து.
நம் ஊர் வாய் எப்போதோ கழற்றி வைத்த ‘ஹ’வை
அரபி திரும்ப மாட்டியது.
ஹசன். இடம் விட்டு, அலி.
ஒற்றை ஆளை இரண்டாகப் பிளந்து
பட்டியலில் பொருத்திவிட்டது இயந்திரம்.

தகப்பன் பெயர்?
“கா.”
முழுசாக.
“காதர்மீரா.”
அவருடைய தகப்பன்?
அசனலி நெற்றியைத் தேய்த்தான்.
“எங்க இனிஷியல்ல ஒரு எழுத்துக்குத்தான் சார் இடம்.”

விரல் ரேகை கேட்டோம்.
பத்து வருஷம் மீனுக்கு ஐஸ் உடைத்த விரல்கள்
கண்ணாடியில் வெறும் வியர்வையை வைத்தன.
துடைத்தோம். மறுபடி. மறுபடி.
குளிர்பெட்டி டீசல் குடித்துக்கொண்டே இருந்தது.
அவன் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்:
“முட்டை தாங்குமா?”
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நாலரைக்குக் குவைத்திலிருந்து ஒரு குரல்.
தேடப்படுகிறவனுக்கு இடது காது மடல் கிடையாதாம்.
துர்க்கி எழுந்து போனான்.
காய்ச்சல் பார்க்கிறவன்போல
அசனலியின் காதை மெதுவாகத் தொட்டான்.
காது முழுசாக இருந்தது.
ஹுமைத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்.
இரண்டு நாட்டு அரபியில் மன்னிப்பு.
அசனலி இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு
ஓடினான், முட்டையைப் பார்க்க.

அதே இரவில் பச்சை விளக்கில் ஒருவன் போயிருக்கிறான்.
வெள்ளைக் கார், சுத்தமான ரேகை, சுத்தமான பெயர்.
எண் பலகையில் ஒரு இலக்கம் இடறியது என்று
ஹுமைத் சொன்னதை வைத்துத்தான்
துர்க்கி தன் பக்கத்துச் சாவடிக்குப் போன் போட்டான்.
நூற்றெண்பது கிலோமீட்டர் தாண்டிப் பிடித்தார்கள்.
உதிரி டயருக்குள் என்ன இருந்தது என்று
எங்களுக்குச் சொல்லவில்லை.
அன்று விடியலில் ஹுமைத் கஹ்வாவும்
துர்க்கி கரக்கும் குடித்தார்கள்.
பேச்சில்லை.

அசனலியின் மேல் விழுந்த பெயரை எடுக்க முடியாது.
அது ஐந்து நாட்டுச் சொத்து.
பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்க்கலாம், அவ்வளவுதான்.
அரபியில் அடித்தேன். ஆங்கிலத்தில் அடித்தேன்.
தமிழ் எம்.ஏ. படித்த விரல் சும்மா இருக்கவில்லை.
இவன் அவன் இல்லை
என்று அடித்து, அழித்தேன்.
‘இல்லை’ போட்டால் ஆளே இல்லாமல் போய்விடுவான்.
இவன் அவன் அல்லன்.
திரையில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது,
இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு கிடையாது.
அப்படியே சேமித்தேன்.

அடுத்த வியாழன் அவன் திரும்பி வருவான்,
காலி லாரியோடு.
திரை சிவக்கும்.
அன்று எனக்கு விடுமுறை.