மீதிப் பாதி

இப்போது நாற்பத்தைந்தாயிரம் துக்ரிக்.
மீதி நாற்பத்தைந்தாயிரம்,
ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும்
இது ஷூவாகவே இருந்தால்.
அதுதான் பேச்சு.
நரந்தூல் சந்தையில் கையுறையைக் கழற்றி
என் உள்ளங்கையில் அடித்தான் ஞம்சுரேன்.
கம்பெனியின் பேரை அவனுக்கும் வாசிக்க வரவில்லை.
பக்கவாட்டில் ஒரு கோடு,
பறவையாகக் கிளம்பி
பாதியில் மனம் மாறியதுபோல்.

அனல் மின்நிலையத்தில் பாய்லர் பார்ப்பவள் நான்.
எழுதி வைக்காத எதையும் நம்பிப் பழக்கமில்லை.
கோடுபோட்ட பழைய பதிவேடு ஒன்று கிடைத்தது.
அழுத்தம் என்ற கட்டத்தில் சுண்டுவிரலை எழுதினேன்.
நீர்மட்டத்தில், காலுறை நனைந்ததா என்று.
எடை கான்டீன் தராசில் இருநூற்று எழுபத்தொன்று,
வலது மட்டும் மூன்று கிராம் கூட.
அதைப் போய் ஏன் எழுதினேன், தெரியாது.

முதல் வாரம்
வீட்டுக்குள் ரொட்டிபோல் அமுங்கியது.
வெளியே, மைனஸ் இருபத்தாறில்,
செங்கல்.
இரண்டாவது கிலோமீட்டரில்தான்
என் சூடு கீழிறங்கி அதற்குள் போனது.
கொஞ்சம் இளகிற்று,
புதிதாகச் சேர்ந்தவன் மூன்றாம் நாள்
முதல்முறையாகச் சிரிப்பானே, அப்படி.

தூல் ஆற்றங்கரையில்
கரிப்புகை இடுப்பளவு நிற்கும் காலைகள்.
பாலத்துக்குக் கீழே பனிக்கட்டியில்
குதிகால் பிடித்தது, முன்பாதம் விட்டது,
உட்கார்ந்த இடத்திலேயே எட்டடி போனேன்.
ஒரு நாய் எழுந்து நின்று பார்த்தது.
குறிப்பு: ஈரப் பனியில் நம்பாதே.
குறிப்பு: நாய்க்கும் தெரிந்துவிட்டது.

டுல்மாவிடம் பேர்பெற்ற கம்பெனி ஷூ இருக்கிறது,
என் சம்பளத்தில் பாதி விலை.
அழுக்காகிவிடும் என்று பெட்டியைவிட்டு எடுப்பதில்லை.
திறந்து காட்டினாள்.
உண்மையாகவே நல்ல வாசனை.

முந்நூற்றுப் பன்னிரண்டாவது கிலோமீட்டரில்
வெர்னியரை வைத்து அளந்தேன்.
வலது குதிகாலில் அரை மில்லிமீட்டர் தேய்மானம்.
இடது குதிகாலின் வெளியோரம் இரண்டரை.
'ஷூ கோணல்' என்று எழுதினேன்.
இடது முழங்கால் எப்போதோ சரியாகிவிட்டதென்று
ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்,
மருத்துவர் உட்பட.
எழுதியதை அடித்தேன்.
அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

நானூற்று அறுபத்தெட்டில்
வலதின் நுனி வாய் பிளந்தது.
நாக்கு மாதிரி காலுறை தெரிந்தது.
இரவு வேலையில்
குழாய் மூட்டுக்குப் பூசும் கறுப்புப் பசையைத் தடவி,
பழைய வால்வு ஒன்றை மேலே ஏற்றி
விடியும்வரை வைத்திருந்தேன்.
மீதி முப்பத்திரண்டும் ஓடினேன்.
ஆறு அப்போது விரிசல்விடத் தொடங்கியிருந்தது,
துப்பாக்கிபோல் சத்தம்.

ஞம்சுரேன் ஷூவைத் தலைகீழாகப் பிடித்து
குதிரையின் குளம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
மோந்தான்.
பசையைப் பற்றி நானே சொன்னேன்.
சொல்லாமலும் இருந்திருக்கலாம்.
"முப்பத்திரண்டு உன் பசை ஓடியது.
நானூற்று அறுபத்தெட்டு என் ஷூ ஓடியது."
கால்குலேட்டர் குளிரில் வேலை செய்யவில்லை,
அக்குளில் வைத்துச் சூடேற்றித் தட்டினான்.
இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது குறையும்.
நாற்பத்தைந்தாயிரத்தை வாங்கிக்கொண்டு
மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தான்.
நூற்றிருபது நான் தரவேண்டும்.
நூறு இருந்தது. இருபது இல்லை.

"அடுத்த ஜோடியில் பார்த்துக்கலாம்" என்று
மேசைக்கடியிலிருந்து ஒன்றை இழுத்தான்.
அதே நிறம், அதே அளவு,
வாசிக்க வராத அதே பேர், ஓரெழுத்து குறைவாக.
பறவை இந்தமுறை
எதிர்ப்பக்கம் பார்த்துக் கிளம்பியிருந்தது.

கான்டீன் ஏழு மணிக்கு மூடிவிடும்.
தராசு உள்ளே இருக்கிறது.
பேரத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னேன்.