மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு

ஜாலான் ஈப்போவில்
டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
மேசையைச் சுற்றி ஐந்து பேர்.
காலால் பிழைப்பவன் நான் ஒருவன்தான்.
என் கால்கள் மேசைக்கு அடியில் இருந்தன.

டத்தோ முதலில் புகழ்ந்தார்.
"இப்படியொரு இடது காலை இனி எங்கே தேடுவது?"
ஆறு வருடத்தில் என்னைப் பற்றி
அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.
விற்கிறவன் வாயில் எந்த மாடும்
குடம் குடமாய்க் கறக்கும்.
விலை, ஒரு லட்சம் வெள்ளி.

புதிய கிளப்பின் ஆள், மிஸ்டர் லியோங்,
உறையிலிருந்து என் முழங்காலை உருவினார்.
ஸ்கேன் படம்.
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
சௌக்கிட் வெயில் பின்னாலிருந்து விழ
என் எலும்பு அழகாய்த்தான் இருந்தது.
"இருபத்தொன்பது வயது" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அறுபதாயிரம்.

என் ஏஜெண்ட் பாக்கியநாதன்
கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.
பினாங்கிலிருந்தும் கேட்கிறார்கள் என்றார்.
யாரும் கேட்கவில்லை.
எனக்குத் தெரியும், லியோங்குக்கும் தெரியும்.
டத்தோ மட்டும் கொஞ்ச நேரம் நம்பினார்,
அந்த நேரத்தில்
விலை லட்சத்து இருபதுக்குப் போய்
மூச்சு வாங்கித் திரும்பி வந்தது.

கீழே ஒருவன் போல்ட்டு கழற்றிக்கொண்டிருந்தான்,
ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிர்ர்ர்.

இன்று நள்ளிரவோடு பதிவு மூடுகிறது.
மூடிவிட்டால்
ஆறு மாதம் நான் யாருக்கும் ஆடமுடியாது,
இவர்களுக்கும்தான்.
லட்சத்துக்கும் அறுபதுக்கும் நடுவில்
ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் செயலாளர் ரோஸ்லான்
கால்குலேட்டரைத் தன் பக்கம் இழுத்தார்.
ஐந்து மாதமாய் எனக்கு
"நாளை வந்துவிடும்" என்று செய்தி அனுப்புகிற
அதே கட்டைவிரல்.
எட்டாயிரத்து ஐந்நூறு, பெருக்கல் ஐந்து.
எனக்கு அவர்கள் வைத்த சம்பள பாக்கி
நாற்பத்திரண்டாயிரத்து ஐந்நூறு.

எல்லாரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.
எனக்குத்தான் விளங்க நேரமானது,
ஆஃப்சைட் கொடி தூக்கியபிறகும்
ஓடிக்கொண்டிருப்பவனைப்போல.

பாக்கியை நான் விட்டுவிட வேண்டும்,
அவர்கள் என்னை விட்டுவிடுவார்கள்.
லியோங்கின் அறுபது, என்னுடைய நாற்பது.
லட்சம் நிறைந்தது.

அப்படியானால் நூற்றுக்கு நாற்பது
என்னை வாங்கியவன் நான்.
எந்தப் பகுதி என்று கேட்கத் தோன்றியது,
முழங்கால் என் பங்கிலா, அவர்கள் பங்கிலா?
கேட்டது வேறு.
"மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு?"

டத்தோ சிரித்தார்.
"மத்தியானச் சாப்பாடு வந்ததே, தம்பி."
ஐந்து பொட்டலம், ஆட்டிறைச்சிப் பிரட்டல்.
நான் இரண்டு வாய்தான் சாப்பிட்டிருந்தேன்.

புதிய ஒப்பந்தம் பதினோரு பக்கம்.
முழங்காலுக்குத் தனிப் பத்தி.
ஒரு வருடம், பிறகு இன்னொன்று
கிளப் விரும்பினால்.
விருப்பம் என்கிற சொல் ஏழு இடத்தில் வருகிறது,
ஒன்றுகூட என்னுடையதல்ல.
பாக்கியநாதன் விரல் வைத்த இடமெல்லாம்
கையெழுத்துப் போட்டேன்.
அவருக்குப் பத்து சதவீதம்,
அதில் பாக்கி கிடையாது.

படிக்கட்டில் துர்கேஸ்வரி அழைத்தாள்.
"சம்பளம் குடுத்துட்டாங்களா?"
"சைன் பண்ணிட்டேன்."
கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
பின்னால் தொலைக்காட்சிச் சத்தம்,
சின்னவள் எதற்கோ அழுகிறாள்.
"செந்தூல் வீட்டுக்காரன் வந்துட்டுப் போனான்" என்றாள்.

இரவு பதினொன்று நாற்பதுக்குப்
பதிவு முடிந்ததாகத் தகவல் வந்தது.
அதன் பின்னாலேயே ரோஸ்லான்.
பயிற்சிச் சட்டை மூன்று கொடுத்தோம்,
திரும்பியது இரண்டு.
கிளப் சொத்து. எப்போது தருவீர்கள்?

மூன்றாவது
மோட்டார் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது,
சங்கிலி எண்ணெய் துடைத்துத் துடைத்து
என் எண் கூடத் தெரியவில்லை.

வாசலில் நின்றபடியே
பதில் போட்டேன்.
நாளை வந்துவிடும்.