கறுப்பு அட்டை

ஒன்பது நாற்பதுக்கு நான் செத்துப்போனேன்,
மேற்கு வர்ஜீனியாவில், ஒரு பள்ளிக்கூடத்தின்
கூடைப்பந்துத் தரையில்.
நெற்றியில் பீட்ரூட் சாறு பூசிய லோரெட்டா
"மூச்சு தெரியக் கூடாது, ஆர்டித்" என்று
அடுத்த காயத்துக்கு நகர்ந்தாள்.

அணை உடைந்ததாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.
அறுபது பேர் வைத்துக்கொண்டோம்.
பெரிய கற்பனை தேவைப்படவில்லை.
முந்தின வருஷ மார்ச்சில் ஓடை சொல்லாமல் தெருவுக்குள் வந்தது;
ஆம்புலன்ஸ் மேட்டுக்கு அந்தப்பக்கமே நின்று
விளக்கை மட்டும் அனுப்பியது.

ப்ரூயிட் வீட்டுப் பையன் கோல்பி மண்டியிட்டான்.
பகலில் டயர்க் கடை,
சம்பளமில்லாத இரவுகளில் ஆம்புலன்ஸ்.
என் பஸ்ஸின் பின்சீட்டில் ஏழு வயதில் வாந்தி எடுத்தவன்.
தாடையைத் தூக்கிப் பார்த்தான்.
மூச்சில்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போ, அதுதான் விதி.
அவன் போகவில்லை.
"ஸாரி, ஆர்டித்"
என்று முணுமுணுத்துவிட்டுத்தான் அட்டையைக் கட்டினான்.
ஐந்து விநாடி தாமதம்,
பயிற்சியாளர் குறித்துக்கொண்டார்.

செத்தவளுக்குக் காது கேட்கும் என்பதைக்
கவுண்டி ஆட்கள் மறந்துவிட்டார்கள்.
என் தலைமாட்டிலேயே பேசினார்கள்:
மானியம் செப்டம்பரோடு தீர்கிறது,
இரண்டாவது வண்டிக்கு ஓட்டு விழாது,
வென்டிலேட்டர் பேட்டரியை
அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்.
ஒருவர் டோனட் தின்றுகொண்டிருந்தார்.
சர்க்கரைத் தூள் என் மூக்கில் விழுந்தது.
பிணம் தும்மக் கூடாது.
நான் தும்மவில்லை.

பதினொன்றுக்கு விசில்.
பச்சை அட்டைகள் பீட்சாவுக்கு ஓடின.
மஞ்சள் அட்டைகள் பழக்கதோஷத்தில் நொண்டிக்கொண்டே போயின.
சிவப்புகளை அவிழ்த்துவிட்டார்கள்.
கறுப்புகளை எழுப்ப யாருக்கும் தோன்றவில்லை.
நானும் எழவில்லை, உண்மையைச் சொன்னால்,
படுத்திருப்பது சுகமாக இருந்தது.

கோல்பி திரும்பி வந்தான்.
என்னைத் தேடித்தான் என்று நினைத்தேன்.
"அட்டை வேணும். மொத்தமே நாற்பதுதான்."
மீதிப் பேருக்கு அன்று துணிக்கிழிசல் கட்டியிருந்தார்கள்.
வெள்ளைப் பாதியில் பென்சிலால்தான் எழுதியிருந்தான்.
ரப்பரை எடுத்து
என் பெயரை, என் நேரத்தை, என் நாடியின் பூஜ்ஜியத்தை
அழித்தான், ஊதினான்.
தேய்ந்த அட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன்:
எனக்கு முன்னால் இதில் செத்தவர்களின்
எழுத்துப் பள்ளங்கள்,
ஒன்றின்மேல் ஒன்று.

"நிஜமா வந்தா?" என்றேன்.
"பேனாவில எழுதுவோம்" என்றான், சிரிக்காமல்.

வாசலில் ஒரு காபி டப்பா, "பேட்டரிக்கு" என்று ஒட்டியிருந்தது.
பையிலிருந்த சில்லறையைப் போட்டேன்.
விழுந்த சத்தத்தில்
டப்பாவின் ஆழம் தெரிந்தது.
வெளியே தூறல்.