மாசு வந்த வழி

பாயான் லெப்பாசில் எங்கள் தொழிற்சாலைக்குள்
தூசுக்கு அனுமதி இல்லை.
தலைமுதல் கால்வரை வெள்ளை உறை,
கண்ணுக்கு மட்டும் இடம்.
பவுடர் கூடாது, பொட்டு கூடாது,
தும்மல் வந்தால் வெளியே ஓடு.
பன்னிரண்டு மணி நேரம்
மனுஷி இருந்த தடயமே இல்லாமல்
வேலை பார்க்கிறேன்.

அதனால்தானோ என்னவோ
விடுமுறை நாளில் எனக்கு ரோமம் வேண்டும்.

போன மாதம் ஒரு பொட்டலம் வந்தது,
வடக்கே, குளிர்க்கடல் நடுவிலிருக்கும் தீவிலிருந்து.
தீவைச் சுற்றிக் கல்மதில்:
உள்ளே புல், வெளியே ஆடு.
அலை வடிந்ததும் இறங்கிப் போய்
பாசி தின்று பிழைத்த இனம்.
மிச்சம் சில ஆயிரம்தானாம்.
ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வரிசையில்
அதைவிட அதிகம் பேர் துணி காயப்போடுகிறோம்.

கட்டைப் பிரித்ததும்
பக்கத்து வீட்டு நோராயினி எட்டிப் பார்த்தாள்.
"பெலாச்சான் வறுக்கிறாயா?"
"இல்லை, ஆடு."
"குழம்புக்கா?"
"நூற்க."
இந்த வெயிலில் கம்பளி யாருக்கு என்று
அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும்
என்னிடம் பதில் இல்லை.

வெந்நீரில் அமுக்கி வைத்தேன், கசக்கவில்லை;
கசக்கினால் கோபித்துக்கொண்டு கட்டியாகிவிடும்.
நான்கு நாள் காயவில்லை.
பினாங்கின் காற்றே ஒரு ஈரத்துணி.
மின்விசிறியை அதற்குக் கொடுத்துவிட்டு
வேர்த்துக்கொண்டு தூங்கினேன்.

பிறகு படிக்கட்டு நடுவே கதிரை இறக்கினேன்.
பதினொன்றாம் மாடியில் என் விரல்.
சுற்றிச் சுற்றி அது பத்தை எட்டியபோது
இழை என்னைவிட உயரம்.
பள்ளிப்பையோடு நின்ற பத்தாம் மாடிப் பையன்
விழுகிறதென்று கையை நீட்டினான்,
விழவில்லை என்று தெரிந்ததும்
மெல்ல ஒரு சுண்டு சுண்டினான்.
முறுக்கு என் விரல்வரை ஏறி வந்தது.

செவ்வாய் இரவு ஷிஃப்டில் வரிசை நின்றது.
தகட்டின்மேல் ஏதோ ஒன்று படுத்திருந்தது.
பொறியாளர் தெங் திரையில் பெரிதாக்கினார்:
ஓடு வேய்ந்ததுபோல் செதில் செதிலாய்,
நடுவில் ஒரு சின்ன நெளிவு.
"பூனை. யார் வீட்டில் பூனை?"
விமலேஸ்வரியின் கை பாதி எழுந்தது,
அவளுக்கு மூன்று.
"என்னுடையது" என்றேன்.
முகமூடிக்குள் குரல் யாருடையதோ போலிருந்தது.

காற்றுக்குளியல் தாண்டி, ஒட்டும் பாய் தாண்டி,
இரண்டு அடுக்குக் கையுறை தாண்டி!
மதில் ஏறத் தெரியாத இனம் என்றல்லவா
நினைத்திருந்தேன்.

படிவம் கொடுத்தார்கள்.
சேதம்: தகடு ஒன்று, என் இரண்டு மாதச் சம்பளம் பெறும்.
மாசு வந்த வழி என்ற கட்டம்
கட்டைவிரல் அகலம்.
பொடியெழுத்தில் நிரப்பினேன்:
குளிர்க்கடல். கல்மதில். அலை வடிந்த நேரம்.
பதினொன்றாம் மாடி. கீழே ஒரு பையன்.

தெங் படித்தார். கண் மட்டும்தான் தெரிந்தது.
கோடு போட்டு அடித்துவிட்டு
ஒரே சொல் எழுதினார்: புலு.
ஆட்டுக்கும் பூனைக்கும் கோழிக்கும்
மலாயில் அது ஒன்றுதான்.