நிகழ்ச்சி நிரலில் ஐந்தாவது

முதலில் உரத்தின் விலை.
அடுத்தது குத்தகை, இன்னும் எத்தனை ஆண்டு என்று
யாரும் வாய்விட்டுக் கேட்காத குத்தகை.
மூன்றாவது மரணநிதி: ஆளுக்குப் பத்து வெள்ளி,
செங்கோடன் இரண்டு மாதம் பாக்கி.
நான்காவது, தவளைப் பண்ணைச் சத்தம் பற்றிய புகார்.
தள்ளுபடி. தவளை கத்தாமல் வேறென்ன செய்யும்.
ஐந்தாவது வந்ததும்
எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுக்கிறார்கள்:
வரலாறு.

கிராஞ்சி உழவர் சகோதர சங்கம்.
நாற்பத்தொரு சகோதரர்கள், அதில் நால்வர் பெண்கள்.
நான் செயலாளர். வலைக்கூடத்தில் சைசிம் கீரை,
காலில் காயாத சேறு.

கறையான் தின்று மிச்சம் வைத்த
குறிப்பேடு மேசைமேல் கிடக்கிறது.
ஐம்பத்தெட்டாம் ஆண்டு, ஆகஸ்டு.
இலைப்பேன் பார்க்கிற அதே கண்ணாடியை வைத்து
மாசிலாமணி வாசிக்கிறார்:
‘பொதுக்கிணறு வெட்டிய கூலி இருபத்துமூன்று வெள்ளி
கொடுக்கப் போனோம். வேண்டாம் என்றான்.’
அவ்வளவுதான்.
அடுத்த வரியில் யாரோ ஆடு
யாரோ வெண்டையில் மேய்ந்த வழக்கு.

யார் என்றான்?
தலையை விழுங்கிவிட்டு
வாலை மட்டும் வெளியே விட்டிருக்கிறது வாக்கியம்.
ஏழு மாதமாக அந்த வாலைப் பிடித்து இழுக்கிறோம்.

ஆண். ஒற்றை ஆள். இதுவரை தகராறு இல்லை.
எழுதியவரைவிட இளையவன் என்கிறார் மாசிலாமணி.
கூலிக்காரன், அதனால்தான் ‘ஆர்’ கிடைக்கவில்லை
என்கிறாள் பாத்திமுத்து.
சண்டைக்காரனாக இருக்கும் என்கிறார் செங்கோடன்,
சண்டைக்காரன்தான் காசை வேண்டாம் என்பான்.
கிணற்றையே போய்க் கேட்கலாம் என்றால்
அது இப்போது இராணுவ வேலிக்கு அந்தப் பக்கம்.
நாற்பது தப்படி உள்ளே, புதருக்கு நடுவில்
மூடி போட்டிருக்கிறார்களாம்.
ரம்லி தன் சேவைக்காலத்தில்
அதன்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றிருக்கிறார்.

நேற்றுக் கூட்டத்துக்கு
ஒருபோதும் பேசாத கோ பூன் லேங்
பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு கணக்குநோட்டு கொண்டுவந்தார்.
அவர் அப்பாவுடையது. கத்தரித் தோட்டம்,
மேலிருந்து கீழே இறங்கும் எழுத்து.
கோ மலாயில் சொல்ல,
பாத்திமுத்து தமிழில் சொன்னாள்:
‘ஆறாம் மாதக் கடைசி. தமிழர் கிணறு. இருபது.
வாங்கவில்லை. என் கத்தரிக்கும் அந்தத் தண்ணீர்தான்.’

கூரைத் தகரத்தில் மழை.
கொஞ்ச நேரம் அதுதான் பேசியது.

ஏழாம் மாதம் பிறந்திருந்தால்
அப்பா மண்ணைத் தொட்டிருக்க மாட்டார்,
ஆவிகள் நடமாடும் மாதம் என்றார் கோ.
மாசிலாமணி பழைய நாள்காட்டியைப் புரட்டினார்.
பொருந்துகிறது, ஏறக்குறைய.

உடனே செங்கோடன் எழுந்து ஒரு திருத்தம் முன்மொழிந்தார்:
‘என்றான்’ என்பதை ‘என்றார்’ ஆக்க வேண்டும்.
கைகள் உயர்ந்தன. முப்பதுக்கு மேல்.
விதி பதினொன்று, ஏற்கப்பட்ட குறிப்பை
யாரும் திருத்த முடியாது என்றேன்.
அப்படியானால் விதியைத் திருத்து என்றார்கள்.

கோ பையை மடித்துக்கொண்டிருந்தார்.
இருக்கட்டும் என்றார். எங்கள் எழுத்தில்
அப்பாவுக்கும் ஆட்டுக்கும் ஒரே வினைச்சொல்தான்,
வால் கிடையாது.
அப்புறம் அவர் கோபக்காரர். மரியாதை கொடுத்தால்
என்ன வேண்டும் உனக்கு என்று கேட்பார்.

இன்று காலை, கீரைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு,
குறிப்பில் எழுதினேன்:
‘திருத்தம் முன்மொழியப்பட்டது.
திரு. கோ பூன் லேங் வேண்டாம் என்றார்.’
பெயரை முழுதாக. எழுத்துக்கூட்டி.

இருபதா, இருபத்துமூன்றா?
அந்த மூன்று வெள்ளி எங்கே போனது என்பது
அடுத்த மாதத்துக்கு ஒத்திவைப்பு.
பழைய பொருளாளர் தன் தாத்தா என்பதை
மாசிலாமணி இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும்.
அதை எந்த எண்ணில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.