நேற்று தொடை, இன்று தோள்

அல் கூஸ் சலவைக்கூடத்தில்
நீராவிப் பெட்டிமுன் எனக்கு ஒன்பது மணி நேரம்.
சூடு படக்கூடாது என்றாள் மருந்துக்கடை ஷைனி,
சூட்டில் மருந்து அவசரப்பட்டு உள்ளே இறங்கிவிடுமாம்.
முதுகுவலி என்று சொல்லி
மடிக்கிற மேசைக்கு மாறிக்கொண்டேன்.

நேற்று இடது தொடை, இன்று வலது தோள்.
உரித்த இடத்தில் சதுரமாய் ஒரு சிவப்பு,
தபால்தலை கிழித்த உறை மாதிரி.
பழையதை, பசை உள்ளே போக மடித்து எறிகிறேன்.
இரவு இரண்டுக்கும் உறக்கமில்லை.
கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தால்
அறை ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது.
இருந்தும் மூன்று வாரமாய்
தினமும் குளிக்கிறேன்.

சூசைராயன் ஊர்போய் வந்த பெட்டியைத் திறந்தான்.
நெத்திலிக் கருவாடு. சீலாவும் உண்டு.
வேண்டாம் என்றேன்.
உனக்கா, கருவாடா, வேண்டாமா?

சட்டை மாற்றும்போது பார்த்துவிட்டான்.
"எனக்கும் இடுப்பு விட்டுப்போச்சு, ஒண்ணு குடுடா."
கை அதற்குள் அட்டைப்பெட்டிமேல்.

எத்தனை பேரிடம் முதுகு என்றிருக்கிறேன்.
இவன் தோலில் இது ஏறக்கூடாது.
"இடுப்புக்கு இல்ல."
"பின்ன?"
ஏசி ஓடுகிற சத்தம்.
"மனசுக்கு."

என்னைப் பார்க்கவில்லை,
பெட்டியில் இருந்ததை
எழுத்துக் கூட்டிப் படித்தான்.
"ஒட்டினா எரியுமா?"
"லேசா அரிக்கும்."

கருவாட்டைப் பக்கத்து அறையில்
கொடுத்துவிட்டு வந்தான்.
நாலு முட்டை உடைத்தான்.
நேற்றைய சோற்றைக் கொட்டிக் கிளறினான்.
சோயா சாஸ் புட்டியை எடுத்தவன்
என் முகத்தைப் பார்த்து,
மூடியைத் திருகி
திரும்ப வைத்தான்.