மூன்றாவதில் பிடிக்கும்

மே மாதம்தான். ஆனாலும்
தார்ப்பாயின் மடிப்பில் தேங்கிய நீர்
கண்ணாடிச் சில்லாய் உறைந்திருக்கிறது.
ஃபின்லாந்தில், லொய்மாவுக்கு வெளியே,
விமானம் இறங்காத ஓடுதளத்தில்
காலை ஆறுக்கே வேன் கதவுகள் திறந்துவிட்டன.

இங்கே யாரும் வணக்கம் சொல்வதில்லை.
முதலில் பொருளைப் பார்ப்பார்கள்.
பிறகு கவிழ்த்து அதன் அடியைப் பார்ப்பார்கள்.
முகத்தைப் பார்ப்பது
பேரம் படிந்த பிறகு, அதுவும் வேண்டுமென்றால்.

என் போர்வையில்
சாப் தொண்ணூற்றாறின் இடது முன்விளக்கு வளையம்,
எந்தப் பூட்டுக்கும் சேராத சாவி ஏழு,
ஸ்பீடோமீட்டர் ஒன்று,
சாயம் போன ஒரு வெயில் தடுப்பு.
அதன் பின்னால் யாரோ பென்சிலில் எழுதிவந்த பெட்ரோல் கணக்கு
ஒரு வியாழக்கிழமையோடு நின்றுவிட்டது.

குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.
எழுதி வைத்த சட்டமில்லை.
தைஸ்தோ ஒருமுறை ஒரு ஸ்டார்ட்டரை
"நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லி விற்றான்.
யாரும் குரல் உயர்த்தவில்லை.
அடுத்த மே, அவன் மேசைப் பக்கம் ஒரு நிழலும் ஒதுங்கவில்லை.
அதற்கடுத்த மேயும்.
மூன்றாம் ஆண்டு அட்டைகள் எழுதிக்கொண்டு வந்தான்:
இது ஒழுகும்.
இதில் இரண்டு பல் போய்விட்டது.
இது எதற்கென்று எனக்கே தெரியாது.
கடைசி அட்டை அவன் கோட்டில் குத்தியிருந்தது:
இடது காது கேட்காது.
மதியத்துக்குள் மேசை காலி.

ஒன்பது மணிக்கு ஹில்கா வந்தாள்,
கையில் வாழைப்பழப் பெட்டி.
செய்தித்தாளை விலக்கினாள்.
கார்புரேட்டர்.
எடுத்தேன், கவிழ்த்தேன்.
கழுத்தருகே
அரம் வழுக்கிய மூன்று கீறல்.

வழுக்கியது என் கை.
கையிலும் வடு உண்டு, பெருவிரல் முட்டிக்குக் கீழே.

ஹில்காவுக்கு அது தெரியாது.
விற்பவள் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்:
"குளிரில் இரண்டு தடவை தும்மும்.
மூன்றாவதில் பிடிக்கும்."

அது என் வாக்கியம்.
ஆறு ஆண்டுக்கு முன்
இதைக் கொடுத்து ஒஸ்ஸியிடம் வலது கதவு வாங்கியபோது
நான் சொன்னது, சொல்லுக்குச் சொல்.

ஒஸ்ஸி இதை நான்கு சக்கரத் தட்டுக்கு மாற்றினானாம்.
பிறகு கொக்கோலாவில் ஒரு மருந்துக் கடைக்காரர்.
பிறகு எல்லை தாண்டி ஹாபராண்டாவில் ஆர்விட்;
அவன் என்ன கொடுத்தான் என்பதற்கு இரண்டு கதை,
இரண்டிலும் ஒரு படகு வருகிறது.
இவர்களில் பாதிப் பேரை நான் கண்டதில்லை.
ஆனாலும் நாங்கள் கொண்டான் கொடுத்தான்.

ஜெட் மாற்றியிருக்கிறார்கள்.
மிதவை புதிது.
மூடியின் நான்கு திருகில் ஒன்றுதான் என்னுடையது.
வாக்கியத்தில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.

இல்லை, ஒருவர் வைத்திருக்கிறார்.
"கடல் பக்கம் நிறுத்தினால் நாலாவதில்"
என்று சேர்த்தாள் ஹில்கா, மூக்கைத் துடைத்தபடி.

பதிலுக்கு என்ன வேண்டும் என்றேன்.
ஸ்பீடோமீட்டரைக் காலால் காட்டினாள்.
"எண்பதைத் தாண்டினால் பொய் சொல்லும்."
"எழுபதைத் தாண்டும் கார் என்னிடம் இல்லை."

அப்போதுதான் முகம் பார்த்தோம்.

கீறலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
திறந்திருந்தால்
முன்விளக்கு வளையத்தையும் கேட்டிருப்பாள்.

திரும்பியது ஒஸ்ஸியின் வேனில்,
மடியில் பெட்டி.
சாலையிலிருந்து கண் எடுக்காமல்
"இன்னும் தும்முகிறதா?" என்றான்.

தெரியாது.
பொருத்திப் பார்க்கக் கார் இல்லை.
அதன் கூடு போன நவம்பரிலேயே கை மாறிவிட்டது,
ஒரு கியர் பெட்டிக்கும் இரண்டு கதவுக்கும்.

இரண்டு கதவுக் காருக்கு
என்னிடம் இப்போது மூன்று கதவு.